தோட்டத்து மேடை – 9: பினாங்குக் கரையில் இறங்கிய ஓப்ரா

சென்ற இதழில் தெருக்கூத்தோடு நின்றோம். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று எந்தெந்த மாவட்டத்தில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்களோ, அந்தந்த மாவட்டத்துக் கூத்தும் அவர்களோடு கெடாவின் ரப்பர் காட்டுக்குள் வந்து சேர்ந்தது. அதில் வியப்பில்லை. ஆனால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நடந்த வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா எல்லாம் அந்த வழியில் வந்தவை அல்ல. அவற்றுக்குத் திரை உண்டு, சீன் உண்டு, ஆர்மோனியப் பெட்டி உண்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பிரித்துக் கொடுத்த வேடங்கள் உண்டு. இந்தச் சரக்கு வேறு கடையில் வாங்கியது. எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டே போனால் லக்னோ, பம்பாய் என்று சுற்றி, கடைசியில் கெடாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பினாங்கில் வந்து நிற்கிறோம்.

கெடாவைக் கடாரம் என்று சொன்னதும் ராஜேந்திர சோழனிடம் ஓடிவிடுவது நம்மவர் வழக்கம். இந்த அத்தியாயத்துக்கு அவர் தேவையில்லை. நமக்கு வேண்டியவர் ஆயுதம் தூக்கியவர் அல்லர், திரைச்சீலை தூக்கியவர். அவரிடம் வருவதற்கு முன் ஒரு பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மலாயாவில் ஊர் ஊராகச் சுற்றிய மலாய் நாடகக் குழுக்களின் விளம்பரங்களைப் பார்த்தால் ஸ்டார் ஓப்ரா, நூரான் ஓப்ரா, சிட்டி ஓப்ரா என்று பெயர்கள் கண்ணில் படும். அவர்கள் நடத்தியது பங்சாவான். மலாய் மொழியில், பாட்டும் வசனமும் ஆட்டமுமாக, ராஜா ராணி கதைகளை வைத்து நடத்திய மேடை நாடகம் அது. அதற்கு ஏன் ஓப்ரா என்று பெயர் வைத்தார்கள்? வெள்ளைக்காரன் பெயரை வைத்தால் டிக்கெட் விற்கும் என்பது ஒரு காரணம். ஆனால் பெயர் அப்படியொன்றும் பொருந்தாப் பெயர் இல்லை என்பதுதான் என் கட்சி. அதற்கு ஐரோப்பிய ஓப்ரா எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜியோவன்னி தே பார்தி என்ற பிரபுவின் வீட்டில் சில அறிஞர்கள் கூடிப் பேசுவார்கள். வானியல் மேதை கலிலியோவின் தகப்பனார் வின்சென்சோ கலிலேயும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பழைய கிரேக்க நாடகங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை பாடியே நடிக்கப்பட்டவை என்று அவர்கள் நம்பினார்கள். முழுக்கச் சரியான நம்பிக்கை அல்ல அது. ஆனாலும் அந்த நம்பிக்கையில், பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு முறையை உண்டாக்கினார்கள். யாக்கோப்போ பெரி என்ற இசைவாணர் 1598இல் ‘தாஃப்னே’வை அரங்கேற்றினார், அதன் இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. 1600 அக்டோபரில், மரியா தே மெதிச்சிக்கும் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த கல்யாண விழாவில் அவருடைய ‘யூரிதிச்சே’ நடந்தது. முழுமையாகக் கிடைக்கும் ஓப்ராக்களில் மூத்தது அதுதான். 1607இல் மாந்துவா அரண்மனையில் மொந்தவெர்தியின் ‘ஓர்ஃபேயோ’. இதுவரை எல்லாம் அரண்மனைக் கச்சேரி. 1637இல் வெனிஸில் சான் கசியானோ கொட்டகை திறந்து, காசு கொடுத்தால் யாரும் பார்க்கலாம் என்று ஆனது. ஓப்ராவின் தலையெழுத்து மாறியது அந்த 1637இல்தான் என்பேன். காசு கொடுத்தவனுக்கு மேகத்தில் தேவதை இறங்கவேண்டும், கடல் பொங்கவேண்டும், நல்ல சாரீரம் உள்ளவன் ஒரே பாட்டை மூன்று முறை பாடவேண்டும். கிரேக்கத் தத்துவமெல்லாம் பின்னால் போய்விட்டது.

நம் பக்கக் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. அரண்மனையில் ஆரம்பித்துக் கொட்டகைக்கு வருகிறது. நடுவே இரண்டு நூறாண்டுக்கு மேல் தாமதம், அவ்வளவுதான்.

லக்னோவில் நவாப் வாஜித் அலி ஷா ஆண்ட காலம். ஆகா ஹசன் அமானத் என்ற உருதுக் கவிஞர் 1853 வாக்கில் ‘இந்தர் சபா’ என்ற இசைநாடகத்தை எழுதினார். இந்திரன் சபையில் ஆடும் பச்சைப் பரி என்ற தேவதை குல்ஃபாம் என்ற மானிட இளவரசனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். இந்திரனுக்குத் தெரிந்து இளவரசன் கிணற்றில் தள்ளப்படுகிறான். பரி ஜோகினி வேடத்தில் வந்து பாடி, இந்திரனை மயக்கி, பரிசாகக் காதலனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். இந்து தேவலோகத்தில் பாரசீகத்துப் பரிகள். இந்தக் கலவையைப் பார்த்து அன்றைக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. நவாபின் சபையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஓப்ராவைப் பற்றிச் சொல்லக் கேட்டுத்தான் இது எழுதப்பட்டது என்று ஒரு கதை ரொம்ப காலம் உலவியது. பிற்கால ஆய்வாளர்கள் அதை மறுத்துவிட்டார்கள். நம் ஊரில் எது நன்றாக இருந்தாலும் அதற்கு ஒரு வெள்ளைக்காரத் தகப்பனைத் தேடும் பழக்கத்தில் பிறந்த கதைதான் அது.

அதே 1853இல் பம்பாயில் பார்சிக்காரர்களின் முதல் நாடகக் குழு மேடையேறியது. 1868இல் விக்டோரியா நாடகக் கம்பெனி வந்தது. ஆங்கிலேயர்களின் கொட்டகையைப் பார்த்து, சட்டமிட்ட மேடை, சுருட்டி இறக்கும் ஓவியத் திரைகள், பரி பறக்கக் கயிறு, பூதம் கிளம்பத் தரைக்கதவு எல்லாவற்றையும் செய்துகொண்டார்கள். அதற்குள் இந்தர் சபாவையும் ஷேக்ஸ்பியரையும் ஷாநாமாவையும் போட்டு, ஆர்மோனியமும் தபலாவும் சேர்த்தார்கள். பார்சி நாடகம் கலையா வியாபாரமா என்று பிற்காலத்தில் சண்டை போட்டவர்கள் உண்டு. வியாபாரம்தான். வியாபாரமாக இருந்ததால்தான் அது கப்பலேறியது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று துறைமுகம் துறைமுகமாக இறங்கி, போட்ட முதலை எடுத்துக்கொண்டு திரும்பியது.

பினாங்கில் அதை வாயாங் பார்சி என்றார்கள். 1870களிலிருந்து வந்துபோன இந்தக் குழுக்களின் பேச்சு அங்கே பலருக்குப் புரியாது. பாட்டும் திரையும் எல்லாருக்கும் புரிந்தது. ஜார்ஜ்டவுனில் ஜாவி பெரானாக்கான் சமூகம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினர். தமிழும் தெரியும், மலாயும் தெரியும். இந்துஸ்தானி மெட்டு காதில் விழுந்தால் திருப்பிப் பாடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் மாமாக் புஷி என்ற செல்வந்தர், ஊர் திரும்பிய ஒரு பார்சிக் குழுவிடமிருந்து உடைகளையும் திரைகளையும் மேடைச் சாமான்களையும் வாங்கி, 1885 வாக்கில் மலாய் மொழியில் நடிக்கும் ஒரு குழுவை உண்டாக்கினார். அவருடைய மருமகன் பாய் காசிம் கூட நின்றார். புஷி இந்திரா பங்சாவான் என்று பெயர். இந்திரன் பெயரிலேயே நின்றுவிட்டான், பாருங்கள்.

இந்தக் குழு சுமாத்ராவின் டெலி வரை போனது. சில ஆண்டுகளுக்குள் பங்சாவான் தீபகற்பம் எங்கும் பரவிவிட்டது. 1891இல் ஜாவாவின் சுரபாயாவில் ஆகஸ்ட் மாயூ என்ற யூரேசியர் தொடங்கிய ‘கொமெடி ஸ்தம்பூல்’ இதற்குத் தம்பி முறை. அங்கிருந்து கிளம்பிய கிளைகள்தான் 1920களில் தார்தனெல்லா போன்ற பெரிய குழுக்களாக வளர்ந்து மறுபடி மலாயாவுக்கே விருந்தாடி வந்தன.

இனி கெடாவுக்கு வருவோம். 1909இல் சயாம் தன் பிடியை விட்டு, கெடா பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் வந்தது. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். கூலிம், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி, பீடோங், கோலக்கெட்டில், பாலிங் என்று தெற்குக் கெடா முழுவதும் காடு வெட்டிக் கித்தா நட்டார்கள். 1915இல் ரயில் அலோர்ஸ்டார் வரை வந்தது. 1918இல் சயாம் எல்லையான பாடாங் பெசாரைத் தொட்டது. ரயில் எங்கே போகிறதோ அங்கே சந்தை, சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே கொட்டகை. பினாங்கில் சாமான் ஏற்றினால் மறுநாள் கெடாவின் எந்தச் சிறுபட்டணத்திலும் கூடாரம் அடித்துவிடலாம்.

கெடா மலாய்க்காரர்களுக்கு அதற்கு முன்பே இசைநாடகம் உண்டு. ஜித்ரா பக்கம் வாங் தெப்புஸ் கிராமத்து மேக் மூலோங், சயாமின் லிக்கேயோடு உறவுடைய ஜீக்கே, சயாமியர்களின் மெனோரா எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். ஆனால் அவை தரையில், பாயைச் சுற்றி, பூசை போட்டு ஆடுகிறவை. பங்சாவான் டிக்கெட் போட்டது. முன்னால் நாற்காலி, பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நின்றுகொள்ளலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், எப்போதாவது ஒரு துரை என்று ஒரே கூரைக்குள் காசின்படி உட்கார்ந்தார்கள். சாதிப்படியோ இனப்படியோ அல்ல. இது சின்ன விஷயம் இல்லை.

பங்சாவான் எப்படி நடக்கும்? எழுதி வைத்த வசனம் கிடையாது. குழுத் தலைவர் கதையைச் சொல்லி, எந்த சீனில் யார் வருகிறார், என்ன நடக்கவேண்டும் என்று பிரித்துக்கொடுப்பார். மிச்சம் நடிகர்கள் பாடு. கதாநாயகனுக்கு ஓராங் மூடா என்றும், முதன்மை நடிகைக்கு ஸ்ரீ பங்கோங் என்றும் பெயர். அரண்மனை, நந்தவனம், காடு, தெரு என்று கதைக்குத் தக்க திரைகள் இருக்கும். தெருத் திரைக்கு முன்னால் கோமாளிகள் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் அரண்மனை எழும்பிக்கொண்டிருக்கும். சோகத்துக்கு இன்ன மெட்டு, சண்டைக்கு இன்ன மெட்டு என்று கையிருப்பு உண்டு. கதைக்கு நடுவே எக்ஸ்ட்ரா டர்ன் என்று கதைக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டும் நடனமும் வரும். சிலர் அதற்காகவே வருவார்கள். லைலா மஜ்னூன், குல் பக்காவலி, ஹம்லெட், ஹங் துவா, ஜூலா ஜூலி பிந்தாங் தூஜோ என்று நாளுக்கொரு கதை. கூட்டம் குறைந்தால் அடுத்த ஊர்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்குப் பழகிய வாசனை அடித்திருக்கும். அடிக்காமல் எப்படி? தமிழ் நாடகக் கம்பெனிகளும் அதே பார்சி மேடையைப் பார்த்துத்தான் திரை கட்டின. சென்னைக்கு வந்த பார்சிக் குழுக்களும் மராட்டியக் குழுக்களும் நம் நாடகத்தை வெட்டவெளியிலிருந்து கொட்டகைக்குள் கொண்டுவந்தன. ‘பார்சி மெட்டு’ என்று பாட்டுப் புத்தகங்களில் தலைப்பே போட்டிருப்பார்கள். குலேபகாவலி மலாயில் நடந்ததுபோல் தமிழிலும் நடந்தது, பிறகு 1935இலும் 1955இலும் படமாகவும் வந்தது. ஒரே பரிதான், பினாங்கில் இறங்கியவள் மலாய் பேசினாள், மதுரைக்குப் போனவள் தமிழ் பேசினாள்.

தமிழுக்கு ஒரு பெரும்பேறு, தூத்துக்குடிச் சீமையில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பார்சி மெட்டும் நாட்டுப்புற மெட்டும் கர்நாடக ராகமும் கைவந்த புலவர். பங்சாவானில் இல்லாத எழுத்துப் பிரதியை இவர் தமிழ் நாடகத்துக்குக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் வடிவில்தான் நிலைத்தன. எல்லாரும் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்திருந்ததால், ஒருவரையொருவர் பார்த்தறியாத நடிகர்களைத் தனித்தனியே பேசி அழைத்து வந்து அன்றிரவே நாடகம் நடத்தமுடிந்தது. ஸ்பெஷல் நாடகம் என்றார்கள். 1922இல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். அவர் பாடம் மட்டும் கடல் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

எப்படித் தாண்டியது என்பதற்கு மூன்று வழி சொல்லலாம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு வந்த கப்பலில் கம்பெனி நடிகர்களும் வந்தார்கள், தோட்டத்துக்கு ஆள்கட்டி வந்தவர்களும் வந்தார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலை நம் வாசகர்களில் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். இரண்டாவது, சென்னையில் அச்சான மலிவு விலை நாடகப் புத்தகங்கள். பெரிய எழுத்துக் கதைகளோடு சேர்ந்தே பெட்டியில் வந்தன. மூன்றாவது கிராமபோன். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்துபோனார். மலாயாவில் அவர் குரலைக் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இசைத்தட்டில்தான் கேட்டார்கள். கே.பி. சுந்தராம்பாள் பாட்டும் அப்படித்தான். தோட்டத்தில் எல்லார் வீட்டிலும் கிராமபோன் இருக்காது. கிராணி வீட்டில் இருக்கும், டவுன் சாப்பாட்டுக் கடையில் இருக்கும். கடை வாசலில் நின்று கேட்டுக் கேட்டே பிருகா பிடித்தவர்கள் உண்டு.

தோட்டத்து நாடகத்துக்கு வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். ஊரில் ஏதாவது கம்பெனியில் பின்பாட்டுப் பாடியவராகவோ, புத்தகத்தை மனப்பாடம் செய்தவராகவோ இருப்பார்; பகலில் அவரும் பால்மரம் வெட்டுகிறவர்தான். திருவிழாவுக்குச் சில மாதம் முன்பே சாயங்காலங்களில் ஒத்திகை தொடங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வி ஞானத்திலேயே பாடம். ஸ்திரீபார்ட் பெரும்பாலும் ஆண்பிள்ளைதான். மகரக்கட்டு உடையாத பையன் கிடைத்தால் வாத்தியாருக்குக் கொண்டாட்டம். இத்தாலியில் இதே குரலுக்காகப் பையன்களைக் காயடித்தே வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஃபரினெல்லி என்பவர் அப்படித்தான் ஐரோப்பாவையே ஆண்டார். நம்மவர்கள் நல்லவேளை, குரல் உடைந்தால் ராஜபார்ட்டுக்கோ பபூனுக்கோ மாற்றிவிடுவதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாடகத்துக்குத் துரையின் அனுமதி வேண்டும், கிராணி சொல்லவேண்டும், கங்காணி முன்னால் உட்காரவேண்டும். கேஸ் லைட் வெளிச்சம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து விடியவிடிய நடக்கும். வெயில் ஏறினால் பால் வடியாது என்பதால் இருட்டிலேயே பெரட்டு. திருவிழா விடுமுறை இல்லாத நாளாக இருந்தால், வள்ளிக்குத் தாலி ஏறிய கையோடு ஜனங்கள் நேரே பெரட்டுக் களத்துக்குப் போகவேண்டியதுதான். முருகன் வேடம் போட்டவரும் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு அந்த வரிசையில்தான் நிற்பார். ஏழெட்டு மணி நேரம் ராஜாவாக இருந்தவனை மறுநாள் தண்டல் அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பான் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோசித்திருந்தால் சந்தோஷம்.

மலேசியத் தமிழ்க் கலை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் இந்த நாடகங்களையும் கூத்தோடு சேர்த்து நாட்டுப்புறக் கலை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிராமத்திலிருந்து அப்படியே வந்த மிச்சம் மீதி அல்ல இவை. கொட்டகை, டிக்கெட், அச்சுப் புத்தகம், இசைத்தட்டு, நீராவிக் கப்பல் என்று அன்றைய புத்தம் புதிய வசதிகள் எல்லாவற்றிலும் ஏறி வந்த நகரத்துக் கலை அது. தோட்டத்து ஆள் அன்றைய நாகரிகத்துக்கு வெளியே நின்றவர் என்று நினைத்துப் பழகியதால் வந்த தவறு.

இன்னொரு கேள்வியும் வரும். ஓப்ராவில் எல்லாம் பாட்டு, நம் நாடகத்திலும் பங்சாவானிலும் நடுநடுவே வசனம் வருகிறதே, இதை ஓப்ரா என்னலாமா? ஓப்ராவிலேயே வசனம் கலந்த வகைகள் ஐரோப்பாவில் உண்டு. 1728இல் லண்டனில் ஜான் கே எழுதிய ‘பிச்சைக்காரன் ஓப்ரா’ வசனமும் பாட்டும் கலந்ததுதான். அதில் இன்னொரு விசேஷம், ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய மெட்டுகளை எடுத்துப் புதிய வார்த்தை போட்டுப் பாடினார்கள். பார்சி மெட்டுக்குத் தமிழ் போட்டவர்களும் மலாய் போட்டவர்களும் செய்த காரியம் வேறென்ன? இத்தாலி அரண்மனை ஓப்ராவை அளவுகோலாக வைத்தால் நாம் தோற்போம். லண்டன் கொட்டகையை வைத்தால் சமம். அளவுகோலை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதுதான் சங்கதி.

பேசும்படம் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. 1931இல் தமிழில் காளிதாஸ். 1932இல் கல்கத்தாவில் இந்தர் சபாவே படமானது. ஏறக்குறைய 70 பாட்டு. 1934இல் சிங்கப்பூரில் எடுத்த முதல் மலாய்ப் படம் லைலா மஜ்னூன், இயக்கியவர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், நடித்தவர்கள் பங்சாவான்காரர்கள். பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தை இயக்கியவர் நம்மவர் எல். கிருஷ்ணன். கெடாவின் பழங்கதையும் திரைக்குப் போனது. கூலிமில் மாவட்ட அதிகாரியாக இருந்து பின்னால் நாட்டின் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் எழுதிய ராஜா பெர்சியோங் கதை 1968இல் படமாக வந்தது. கோரைப்பல் முளைத்த அந்த ராஜா பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பது ஊர்க்கதை.

தோட்டத்து மேடை உடனே காலியாகிவிடவில்லை. 1952இல் தொடங்கிய தமிழர் திருநாள் நாடகத்துக்குப் புதிய மேடை கொடுத்தது. ஆனால் அதில் வள்ளிக்கும் பவளக்கொடிக்கும் இடம் குறைந்து, அடுக்குமொழி வசனமும் சீர்திருத்தமும் வந்து உட்கார்ந்தன. பாட்டு குறைந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பேரத்தில் நமக்குக் கிடைத்ததும் அதிகம், போனதும் அதிகம். அந்தக் கணக்கை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

அதற்குள் கெடா வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வீடு மாறியபோது நீங்கள் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் நாடக நோட்டீஸ், பாடம் எழுதிய நோட்டுப் புத்தகம், வேடம் போட்ட படம் எதுவாக இருந்தாலும் நகலெடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பெயரையும், தெரிந்தால் ஆண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.